மண் வேண்டாத செடியும் துரைராசுவின் தலையும்

திருக்கடையூருக்குப் போவதில்லை. தலைகீழாக நின்றாலும் போவதில்லை. துரைராசு முடிவெடுத்துவிட்டார்.

முடிவெடுத்த இடம் வயல்காட்டு மோட்டார் கொட்டகை. வீட்டில் முடிவெடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. வீட்டில் அவர் எடுக்கிற முடிவெல்லாம் தர்மாம்பாளிடம் கோரிக்கையாகத்தான் போய்ச் சேரும். அவள் அதைத் தள்ளுபடி செய்துவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போய்விடுவாள்.

விஷயம் இதுதான். ஆவணியில் அவருக்கு அறுபது முடிகிறது. அறுபது முடிந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். திருக்கடையூருக்குக் கூட்டிப்போய், கட்டின பெண்டாட்டிக்கே இன்னொரு தாலி கட்டச் சொல்வார்கள். தாலி கட்டுவதில் துரைராசுவுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு தாலிக்கே இந்தப் பாடு, இரண்டாவதால் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது. அவருக்குப் பயம் தாலியில் இல்லை. தண்ணியில்.

தாலிக்கு முன்னால் புருஷனையும் பெண்டாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். சொந்தக்காரர்கள் வரிசையில் வந்து கலசத் தண்ணியைத் தலையில் ஊற்றுவார்கள். குடம் குடமாக. வீடியோ வேறு ஓடும்.

ஊற்றினால் என்ன? மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. துரைராசுவுக்கு எல்லாமே போச்சு.

இழுக்காமல் சொல்லிவிடலாம். துரைராசுவின் உச்சந்தலையில் முடி கிடையாது. ஒரு சப்பாத்தி அளவுக்கு வெற்றிடம். அதன்மேல் தினமும் கருப்புப் பொடி தூவுகிறார். ஆன்லைனில் வருகிற பொடி. டப்பி மூடியில் உப்பு டப்பா மாதிரி ஓட்டைகள். தூவித் தட்டிவிட்டால் சுற்றியிருக்கிற முடியோடு கலந்து, பார்க்கிறவனுக்கு அடர்த்தியாக இருப்பதுபோலத் தெரியும். வெயில் தாங்கும். காற்றுத் தாங்கும். தண்ணி மட்டும் தாங்காது.

இதற்காக அவர் படாத பாடு இல்லை. பொடி டப்பி மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து டின்னுக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியும் அங்கேதான். காலையில் எழுந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு “மோட்டார் போட்டுட்டு வர்றேன்” என்று கிளம்புவார். கரன்ட் இல்லாத நாளிலும் மோட்டார் போடப் போவார். ஆற்றில் வெள்ளம் வந்து வயலே மூழ்கிக் கிடந்த வருஷமும் மோட்டார் போடப் போனார். மழை பெய்தால் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். முடிவெட்ட உள்ளூர்க் கடை கிடையாது, தஞ்சாவூருக்குப் பஸ் ஏறுவார். இவ்வளவு உழைப்பை வயலில் போட்டிருந்தால் இன்னும் இரண்டு வேலி நிலம் வாங்கியிருக்கலாம்.

சரி, வழுக்கை விழுந்தால் விழட்டும், ஊரில் பாதிப் பேருக்கு அதுதானே என்று கேட்கலாம். கேட்கக் கூடாது. காரணம் மருதையன்.

மருதையன், தர்மாம்பாளின் அண்ணன். மன்னார்குடியில் இருக்கிறார். மனுஷனுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, அதைப்பற்றி ஒரு கவலையும் கிடையாது. அந்தத் தலையை வைத்துத்தான் துரைராசு இத்தனை வருஷம் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். மச்சான் வாசலில் கால் வைத்தால் போதும், “தர்மா, லைட்டை அணை. கரன்ட் பில்லு மிச்சம்” என்பார். மகள் பூர்ணிமா கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, “போட்டோக்காரத் தம்பி, எங்க மச்சான் பக்கம் பிளாஷ் அடிக்காதே, எனக்குக் கண்ணு கூசுது” என்றார். மண்டபமே சிரித்தது. மருதையனும் சிரித்தார். தர்மாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றப் போய்விட்டாள். அதைத் துரைராசு கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த மருதையன் கையில் கலசம். அவருக்கு எதிரில் துரைராசுவின் தலை.

சித்திரை முடியும்போதே தர்மாம்பாள் பேச்சை எடுத்துவிட்டாள்.

“என்னங்க, ஆவணியில திருக்கடையூரு. முதல் நாள் போயிடணும். மறுநாள் சடங்கு. அதுக்கு மறுநாள் திரும்பிடலாம்.”

“குறுவை அறுவடை இருக்கே.”

“அறுக்கிறது மிஷினு. நீங்க என்ன அருவா புடிக்கப் போறீங்களா?”

“மாடு?”

“வேம்பு பார்த்துக்குவான்.”

“முட்டி வலிக்குது தர்மா.”

“உங்கள ஓடவா சொன்னேன்? உக்காரத்தான சொன்னேன்.”

“தண்ணி ஊத்துனா சளி புடிக்கும்.”

“வெந்நி கலந்து ஊத்தச் சொல்றேன்.”

“வெந்நி வேணாம்!” என்று துரைராசு அலறினார். வெந்நீரில் இன்னும் சீக்கிரம் கரையும்.

வேறு ஆள் பார்க்க முடியாத வேலை ஒன்று வேண்டும். அதுதான் அவருக்குத் தேவை. மாட்டைப் பண்ணையாள் வேம்பு பார்த்துக்கொள்வான். வயலை மிஷின் பார்த்துக்கொள்ளும். துரைராசு இல்லாவிட்டால் செத்துப்போகும் என்று சொல்ல அந்த வீட்டில் எதுவுமே இல்லை. அறுபது வயதில் இது தெரிய வருவது கொஞ்சம் வருத்தமான விஷயம்தான். அவருக்கு வருத்தப்பட நேரமில்லை.

முடிவெட்டிக்கொள்ளத் தஞ்சாவூர் போன அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். பஸ்ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு நர்சரி. கம்பியில் ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. இலை மேலே, வேர் கீழே. தொட்டி கிடையாது. மண் கிடையாது. வேர்கள் அந்தரத்தில் நூடுல்ஸ் மாதிரி தொங்கின.

“தம்பி, இதைப் பிடுங்கிப்போட்டு எத்தனை நாளாச்சு? நடாம வெச்சிருக்கீங்க?”

“அது அப்படித்தாங்க. ஆர்கிட். வாண்டான்னு ஒரு சாதி. மண்ணு வேணாம்.”

துரைராசு டெல்டாக்காரர். முழங்கால் சேறு இல்லாமல் பயிர் வரும் என்பதை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை. “மண்ணு இல்லாம அது என்னத்தைத் திங்கும்?”

“காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். காட்டுல மரத்து மேல ஒட்டிக்கிட்டு வளர்ற சாதிங்க இது. மரத்துலயோ பலகையிலயோ கட்டிவிட்டா வேர் பிடிச்சுக்கும். ஆனா மண்ணு இல்லைல்ல, அதனால தினம் தண்ணி தெளிக்கணும். வெயில் ஏறுனா மூணு வேளை. வேர் காஞ்சா போச்சு.”

“வீட்ல ஆளில்லாம வெளியூர் போனா?”

“போகக் கூடாதுங்க.”

துரைராசுவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. “எத்தனை குடுப்பீங்க?”

“எத்தனை வேணும்?”

“வெளியூர் போக முடியாத அளவுக்கு.”

ஒரு கோணிப்பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் தர்மாம்பாளும் பக்கத்து வீட்டுப் பாத்திமாவும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். தர்மாம்பாள் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது, எவன் கொல்லையில பிடுங்குனீங்க?”

“ஆர்கிட். இதுக்கு மண்ணே வேணாம்.”

“அப்ப குப்பையில போட்டாலும் வளருமா?”

“அண்ணே, பூ பூக்குமா?” என்றாள் பாத்திமா.

“பூக்கும்மா. ஆனா கவனிப்பு வேணும். என்னோட கவனிப்பு.”

கவனிப்பைத் தொடங்கினார். மண் வேண்டாம் என்று அந்தப் பையன் படித்துப் படித்துச் சொன்னான். காது கேட்டது, கை கேட்கவில்லை. நாற்பது வருஷம் நாற்று நட்ட கை. சும்மா தொங்குகிற வேரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை. வாய்க்காலில் இருந்து நல்ல வண்டலாக அள்ளி வந்து வேரில் அப்பினார். அதன்மேல் ஒரு கை யூரியா. பயிர் என்றால் பசிக்கும்தானே என்று அவர் நியாயம். ஒரே வாரத்தில் இரண்டு செடி அழுகிக் கொழகொழவென்று விழுந்தது.

நர்சரிக்குப் போன் போட்டார். “தம்பி, சேறு கட்டுனேன்...” என்று ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

அப்புறம்தான் வழிக்கு வந்தார். கொட்டகையில் பரம்புப் பலகை ஒன்று கிடந்தது. முன்னே மாட்டில் பூட்டி நடவு வயலைச் சமன்படுத்துகிற நீளப் பலகை. டிராக்டர் வந்ததும் அதற்கு வேலை இல்லை, கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அதைத் துண்டு துண்டாக அறுத்தார். ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தேங்காய்நார், அதன்மேல் ஒரு செடி, வேரை நசுக்காமல் பழைய வேட்டிக் கிழிசலால் ஒரு கட்டு. பலகைகளை எல்லாம் கொல்லைப்பக்கம் கிரில் கம்பியில் வரிசையாக மாட்டினார். பார்த்தால் கசாப்புக் கடை மாதிரி இருந்தது. ஆனால் செடி பிழைத்துக்கொண்டது.

தண்ணி தெளிக்கும்போது ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார். அதைப் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“தர்மா, இங்க வா. வேரு என்ன நிறம்?”

“சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு.”

ஸ்பிரேயரை நாலு தடவை அமுக்கினார். “இப்ப?”

வெள்ளை வேர் கண்ணெதிரே பச்சையாகிக்கொண்டிருந்தது. தர்மாம்பாள் குனிந்து பார்த்தாள்.

“அட! தண்ணி பட்டா நிறம் மாறுதே!”

“மாறல. அதோட நிஜ நிறமே அதான். காஞ்சு கிடக்கிறப்ப வெள்ளைப் பூச்சு போட்டு மறைச்சு வெச்சிருக்கும். தண்ணி பட்டா உள்ள இருக்கிறது தெரிஞ்சிடும்.”

“ஓகோ!” என்று தர்மாம்பாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முகத்துக்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள். “தண்ணி பட்டா தெரிஞ்சிடும். சரிங்க.”

உள்ளே போய்விட்டாள். துரைராசு இரண்டாவது பலகைக்கு நகர்ந்தார்.

ஆனி பிறந்ததும் அவர் வெடியைப் போட்டார். “தர்மா, திருக்கடையூரு நடக்காது. செடிக்கு மூணு வேளை தண்ணி தெளிக்கணும். உயிர்ப் பொருளு. பாவம்.”

“பாத்திமா தெளிச்சிடுவா. ஏ பாத்திமா, நாங்க ஊருக்குப் போனா செடிக்குத் தண்ணி தெளிப்பியா?”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “தெளிக்கிறேன்க்கா!”

“பாத்திமா தெளிக்கிறது வேற, நான் தெளிக்கிறது வேற” என்றார் துரைராசு. “என் கை பழகுன செடி. வேத்துக் கை பட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்.”

“மூஞ்சி எங்க இருக்கு அதுக்கு?”

“உனக்குத் தெரியாது.”

தர்மாம்பாள் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தாள். “அப்ப கூடவே எடுத்துட்டுப் போயிடுவோம்.”

“என்னது?”

“தொட்டியில இருந்தா தூக்க முடியாது, மண்ணு கொட்டும். இதுதான் பலகையில இருக்கே. கம்பியிலேர்ந்து கழட்டுனா முடிஞ்சுது. வேன்ல ஜன்னல் கம்பி பூரா மாட்டிட்டுப் போவோம். போற வழியெல்லாம் நீங்களே உங்க பழகுன கையால தெளிச்சுக்கிட்டு வாங்க. அங்க ரூமு பாத்ரூம்ல மாட்டிக்கலாம்.”

மண் வேண்டாத செடி என்று பெருமையடித்தவரே அவர்தான். தூக்கிக்கொண்டு போகக் கூடிய செடியைப் போயா வாங்குவான் ஒருவன்? ஒரு தென்னம்பிள்ளையை வாங்கியிருக்கக் கூடாதா?

அன்று சாயங்காலம் பலகைகளின் முன்னால் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு மேலே பாத்திமாவின் தலை தெரிந்தது.

“என்னண்ணே, செடிக்கு ஏதும் நோவா?”

“செடி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் நோவு.”

“எனக்கு ஒண்ணு தோணுதுண்ணே. இதெல்லாம் மரத்துல வளர்றதுதான? பலகையில ஏன் கட்டிவெச்சிருக்கீங்க? மரத்துலயே கட்டிட்டா என்ன?”

“மரத்துல கட்டுனா...” என்று ஆரம்பித்த துரைராசு பாதியில் நிறுத்தினார். மரத்தில் கட்டினால் கழற்ற முடியாது! மரத்தை வேனில் ஏற்ற முடியாது!

“வாசல்ல மாமரம் இருக்குல்ல? பட்டை நல்லா சொரசொரன்னு இருக்கு. நிழலும் இருக்கு” என்றாள் பாத்திமா. “ஏதோ தோணுச்சு, சொன்னேன்.” தலை கீழே போய்விட்டது.

மறுநாள் ஏணி வைத்து ஏறினார். மாமரத்து அடிமரத்தைச் சுற்றி, கிளைக் கவட்டையில், கைக்கு எட்டின இடத்திலெல்லாம் செடி. வேட்டிக் கிழிசல் பற்றாமல் நல்ல வேட்டி ஒன்றும் போனது. கீழே இறங்கி இடுப்பில் கை வைத்து நின்று கூப்பிட்டார்.

“தர்மா! மரத்துல கட்டியாச்சு. வேர் பட்டையைக் கவ்வுறதுக்கு மாசக் கணக்காகும். அதுவரைக்கும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. நானும் இந்த எடத்தை விட்டு நகரப் போறதில்லை. இதான் முடிவு.”

வாசலில் நின்று எடுத்த முதல் முடிவு.

தர்மாம்பாள் மரத்தைப் பார்த்தாள். மரத்தைச் சுற்றியிருக்கிற வாசலைப் பார்த்தாள். “இந்த எடத்தை விட்டு நகர மாட்டீங்க?”

“மாட்டேன்.”

“சத்தியமா?”

“இந்தச் செடி மேல சத்தியமா.”

“சரிங்க. உங்களுக்கு அப்புறந்தான் எனக்குத் திருக்கடையூரு. போக வேணாம்.”

துரைராசுவால் நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டார்! தர்மாம்பாளிடம்! அன்று மோட்டார் கொட்டகைக்குப் போய், கண்ணாடியைப் பார்த்து, தனக்கே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். சந்தோஷத்தில் பொடி கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.

ஆடி முழுக்க வீட்டில் ஒரே அமைதி. அமைதிக்கு நடுவே சில வேலைகள் நடந்தன. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். “ஆர்கிட் பார்க்க நாலு பேரு வர்ற வீடு, இப்படியா இருக்கிறது?” என்றாள் தர்மாம்பாள். நியாயமாகப் பட்டது. வாசலை மெழுகிச் சமன் செய்தார்கள். விறகு வந்து இறங்கியது. “மழைக்காலம் வருதுல்ல” என்றாள். அதுவும் நியாயம். பரணில் இருந்த பெரிய அண்டாக்கள் இறங்கிப் புளி போட்டு மினுங்கின. “பாத்திரம்னா கழுவ வேணாமா?” என்றாள். அவள் சொன்ன எல்லாமே நியாயமாக இருந்தது. ஜெயித்த மனுஷனுக்கு எல்லாம் நியாயமாகத்தான் படும்.

ஊரும் திடீரென்று மரியாதை காட்டியது. டீக்கடையில் சிங்காரவேலு எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, குடும்பத்தோட வர்றோம்.”

“வாங்க, வாங்க. காலையிலேயே வந்துடுங்க. தண்ணி ஊத்துறதைப் பார்க்கலாம்” என்றார் துரைராசு பெருமையாக.

“நாங்களும் ஊத்தலாம்ல?”

“தாராளமா! ஆளுக்கு ஒரு கை ஊத்துங்க.”

செடிக்கு இவ்வளவு மவுசா என்று அவருக்கே ஆச்சரியம். பார்க்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டார். பஸ் கண்டக்டர் உள்பட.

ஆவணியும் வந்தது. ஒருநாள் காலை, மோட்டார் கொட்டகையில் வேலையை முடித்து, புதுசாகத் தூவின தலையோடு வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தார். வாசலில் பந்தல். இரண்டு பக்கமும் வாழைமரம். மாமரத்தடியில் செங்கல் அடுக்கி ஹோம குண்டம். ஐயர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தரையில் நெல் பரப்பி, அதன்மேல் நூல் சுற்றின கலசங்கள். வரிசை வரிசையாக. எல்லாவற்றிலும் தண்ணி.

தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு வெளிச்சம் இறங்கியது. பின்னாலேயே மருதையன் இறங்கினார்.

“மாப்ள! திருக்கடையூருன்னாங்க, கடைசியில செடியை விட்டு நகர மாட்டேன்னுட்டீங்களாமே. நல்ல மனசு!”

துரைராசு பெண்டாட்டியைத் தேடினார். தர்மாம்பாள் பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

“தர்மா, என்ன இது?”

“நீங்க இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்னு செடி மேல சத்தியம் பண்ணிட்டீங்க. அதான் சடங்கை இங்க நகர்த்திட்டேன்.”

“செடிக்குப் புகை ஆகாது!”

“காத்து அந்தப் பக்கம் அடிக்குது.”

“நான்... மோட்டார் போட்டுட்டு வர்றேன்.”

“வேம்பு போட்டுட்டான்.”

“தலைவலி.”

“தண்ணி ஊத்துனா சரியாப் போயிடும்.”

வீட்டுக்குள் ஓடினார். பொறியில் மாட்டின எலிக்கும் மூளை வேலை செய்யும். சேம்பு இலையில் தண்ணி ஒட்டாமல் உருண்டு ஓடுவது ஞாபகம் வந்தது. வழவழப்பு இருந்தால் தண்ணி நிற்காது, ஓடிவிடும்! தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து, பொடி கலையாமல் தலையில் முழுசாகக் கவிழ்த்துக்கொண்டார். அதைவிட மோசமான யோசனை அந்த ஜில்லாவிலேயே அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். சிங்காரவேலு குடும்பத்தோடு முன்வரிசை. பஸ் கண்டக்டர் நிஜமாகவே வந்திருந்தார். சிங்கப்பூரில் இருந்து மகன் பிரபு வீடியோ காலில். பூர்ணிமா தம்பிக்குத் தெரியட்டும் என்று போனைத் தூக்கி அப்பா தலைக்கு நேராகப் பிடித்திருந்தாள். அவள் வீட்டுக்காரர், ஊற்றுகிற தண்ணி தூறலாக விழட்டும் என்று, சல்லடையைத் துரைராசுவின் தலைக்குமேல் பிடித்தார்.

“தாய்மாமன் முறைக்காரர் முதல்ல ஊத்தலாம்” என்றார் ஐயர். மருதையன் கலசத்தோடு வந்தார்.

“மச்சான்” என்றார் துரைராசு மெதுவாக. “தோள்ல ஊத்துங்க.”

“தோளுக்கா மாப்ள அறுபதாங் கல்யாணம்?”

ஊற்றினார். நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. துரைராசு கண்ணை மூடி எண்ணெய்க்கு நன்றி சொன்னார். ஒரு கையில் போனைப் பிடித்தபடியே பூர்ணிமா ஊற்றினாள். அப்போதுதான் மதகு திறந்தது. எண்ணெயும் பொடியும் சேர்ந்து வண்டி அச்சுக்குப் போடுகிற மையாகக் குழைந்து, கருகருவென்று இறங்கியது. உச்சியில் தலைவாய்க்காலாகக் கிளம்பி, நெற்றியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மூக்குக்கும் ஒன்று காதுக்கும் போய், கன்னம், கழுத்து, மார்பு என்று பாய்ந்து, பட்டுவேட்டிக் கரையில் கடைமடை வரைக்கும் தங்குதடையில்லாமல் போய்ச் சேர்ந்தது. நீர் நிர்வாகம் என்றால் அதுதான்.

ஹோமத்தில் ஒரு சுள்ளி வெடித்தது. அது பந்தல் முழுக்கக் கேட்டது.

அந்த அமைதியில் போனில் இருந்து பிரபுவின் குரல் மட்டும் வந்தது. “அக்கா, போனைத் தள்ளிப் பிடி. அப்பா பக்கம் ஏதோ வெளிச்சம் அடிச்சு எனக்குக் கண்ணு கூசுது.”

எல்லார் கண்ணும் மருதையனிடம் போனது. இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். துரைராசுவின் உச்சந்தலையைப் பதமாகத் துடைத்தார். பித்தளைச் செம்பைத் துடைக்கிற மாதிரி சுற்றிச் சுற்றித் துடைத்தார். அப்புறம் குனிந்து, தன் தலையை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போட்டோக்காரனைப் பார்த்தார்.

“தம்பி, இப்ப அடி பிளாஷை.”

பந்தல் வெடித்தது. ஐயர் மந்திரத்தை மறந்தார். கண்டக்டர் விசிலே அடித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஊரே வரிசையில் வந்து ஊற்றியது. துரைராசு கூப்பிட்ட ஆட்கள்தான் அத்தனை பேரும். ஆளுக்கு ஒரு கை.

தாலி கட்டுகிற நேரம். துரைராசு முடிச்சுப் போடக் குனிந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “எப்பத் தெரியும் உனக்கு?”

“தலகாணி உறையைத் துவைக்கிறது யாரு, நீங்களா?” என்றாள் தர்மாம்பாள், முகத்தில் சிரிப்பு மாறாமல். “முதல் முடிச்சு போட்டாச்சு. ரெண்டாவதைப் போடுங்க.”

“அப்ப திருக்கடையூருலயே மானத்தை வாங்கியிருக்கலாமே. இங்க எதுக்கு?”

“திருக்கடையூர்ல ஒரே நாள்ல எத்தனை ஜோடி உக்காருது தெரியுமா? அந்தக் கூட்டத்துல உங்க தலைய எவன் பார்த்திருப்பான்? நாமளே நாலு பேருதான் போயிருப்போம். அமைதியா முடிஞ்சிருக்கும்.”

துரைராசுவின் கை நின்றது. நாலு பேர். அமைதி. அதை ஓடி ஓடித் தடுத்தது யார்?

“அதான் நான் அங்க யாருகிட்டயும் சொல்லவே இல்ல. ஐயருகிட்ட சித்திரையிலேயே வீட்டோடதான்னு சொல்லியாச்சு. வீட்ல விசேஷம்னு நான் நேராக் கேட்டா நீங்க ஒத்துக்குவீங்களா? இப்பப் பாருங்க, நீங்களே வாசலை விட்டு நகர மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டீங்க. மூணாவது முடிச்சு.”

“பாத்திமா அன்னிக்கு மரத்துல கட்டச் சொன்னது...”

“பாவம், நல்ல புள்ள. சொன்னதைச் சொன்ன மாதிரி சொல்லும்.”

பந்தலுக்கு வெளியே பாத்திமா அட்சதையை வாரி வீசினாள். மிகச் சரியாக அந்த வெற்றிடத்தில் விழுந்தது. வழுக்கி இறங்கியது.

மறுநாள் காலை துரைராசு துண்டு கட்டவில்லை. மோட்டார் போடவும் போகவில்லை. போய்ப் பிரயோஜனமில்லை. டப்பியைத் தர்மாம்பாள் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து, அடுப்புக்கரி என்று நினைத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டாளாம். சரியாக நுரைக்கவில்லை என்று குறை வேறு.

வெறுந்தலையோடு மாமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நேற்றைய தண்ணியும் ஈரக்காற்றும் செடிகளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. வேர்கள் பச்சைப்பசேலென்று பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. கவட்டையில் இருந்த செடி ஒன்றில் மொட்டு கூட எட்டிப் பார்த்தது. என்ன இருந்தாலும் செடி பிழைத்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் நாம் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தர்மாம்பாள் ஸ்பிரேயரில் தண்ணி நிரப்பிக்கொண்டு வந்தாள். முதல் செடிக்குத் தெளித்தாள். இரண்டாவது செடிக்குத் தெளித்தாள். அப்படியே திரும்பி, அவர் உச்சந்தலையில் புஸ் புஸ்ஸென்று இரண்டு தடவை அமுக்கினாள்.

“ஏ, என்னடி பண்றே?”

“மண்ணே இல்லாத பலகையிலயே வேர் பிடிக்குதுன்னு சொன்னீங்கல்ல?” என்றாள் அவள். “மூணு வேளையும் தெளிச்சுப் பார்ப்போம்.”